வெள்ளைத் தரையில் கறுப்புக் கோடு

"செய்யறதையும் செஞ்சுட்டு இப்ப தொடைச்சா ஆச்சா?" என்றார் மேனேஜர்.

ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் நிமிரவில்லை. மருந்துக் கிடங்கின் பால் வெள்ளைத் தரையில், வாசலிலிருந்து உள்ளே வளைந்து போகும் கறுப்புக் கோட்டை மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா பார்வையிட வந்த அன்றைக்கென்று பார்த்து அது விழுந்து தொலைத்திருந்தது.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்த எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது. மேனேஜர் மட்டும், கையில் ஹெல்மெட்டும் சட்டையில் மடிப்புமாக, இப்போதுதான் குளித்தவர் போல நின்றார்.

கிடங்கில் அவருக்கு 'டயர் டாக்டர்' என்று பெயர். ஆள் கிடைத்தால் டயரைப் பற்றிப் பாடம் எடுக்காமல் விடமாட்டார்.

"வெளியே மேடு பள்ளமான யார்டுக்குக் காத்தடிச்ச டயர், மேடம். ஆணி கிடக்கிற இடத்துக்குக் கெட்டி ரப்பர், பஞ்சரே ஆகாது. இந்தத் தரைக்கு வெள்ளை டயர், கோடே விழாது. நான்தான் அலைஞ்சு வாங்கிப் போட்டேன்."

"அப்புறம் இது எப்படி வந்தது?"

"யார்டு வண்டியை உள்ளே ஓட்டியிருக்கான். அது கறுப்பு டயர். இவனை இன்னையோட நிறுத்திடலாம் மேடம்."

டிரைவருக்கு இது பதினாலு வருஷ வேலை. மூத்தவளுக்கு இந்த வருஷம்தான் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் டாக்டர் பேசும்போது குறுக்கே வாயைத் திறந்தால் அதற்குத் தனியாக ஒரு மெமோ வரும். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார்.

முதலாளியம்மா குனிந்து பார்த்தார். "ஒத்தைக் கோடாத்தானே இருக்கு? ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ரெண்டு பக்கமும் சக்கரம் உண்டே?"

"இன்னொண்ணை முதல்லயே தொடைச்சிருப்பான் மேடம். பலே ஆளு," என்றார் மேனேஜர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

முதலாளியம்மா அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு டிரைவரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இன்னும் எவ்வளவு தூரம் தொடைக்கணும்?"

டிரைவர் துணியைப் பிழிந்துவிட்டு மெதுவாக எழுந்து நின்றார்.

"மேனேஜர் ரூம் வரைக்கும், மேடம். சார் உள்ளே நிறுத்தியிருக்கிற ஸ்கூட்டரை எடுத்துட்டா, அதுக்கு அடியில இருக்கறதையும் தொடைச்சிடுவேன்."