பின்கேட்டு

“டீ குடிக்கப் போனானாம்! ஆம்புலன்ஸ் வார கேட்டைத் தொறந்து போட்டுட்டு, தொரை டீ குடிக்கப் போனானாம்!”

தோசைக்கரண்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள் சத்யப்ரியா. அவள் திட்டிக்கொண்டிருந்தது ஊரான் வீட்டுப் பிள்ளையை அல்ல, கூடப் பிறந்த தம்பி முத்திருளனை.

அவள் கணவன் செல்வக்குமார் டிவி சத்தத்தைக் குறைத்தான். குறைத்து என்ன செய்ய? இரண்டு நாளாக எந்தச் சேனலைத் திருப்பினாலும் இதே செய்திதான்.

சனிக்கிழமை ரிங் ரோட்டு மைதானத்தில் பெரிய இசை நிகழ்ச்சி. பின்கேட்டில் காவலுக்கு நின்றவன் முத்திருளன். அந்தக் கேட்டு திறந்திருப்பதைப் பார்த்ததும், டிக்கெட் கிடைக்காமல் வெளியே நின்ற கூட்டம் மொத்தமும் உள்ளே பாய்ந்துவிட்டது. பல பேருக்கு அடி. மேலூரிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண் மிதிபட்டு, பெரியாஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்காமல் கிடக்கிறாள்.

“அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, இவனைத் தம்பின்னே சொல்லிக்கிற மாட்டேன். நல்லவேளை, நீங்க டிக்கெட் எடுத்து முன்கேட்டு வழியாப் போனீங்க. இல்லாட்டி உங்களையும்ல மிதிச்சிருப்பாங்க?”

“ம்.”

“ஏதோ செருப்போட போச்சு.”

“ம்.”

ஆபீசில் செல்வக்குமார் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு வாய் திறக்க வழி கிடைக்காது. அப்பேர்ப்பட்ட மனுஷன் இரண்டு நாளாக இந்த ‘ம்’மை வைத்தே காலம் தள்ளுகிறான்.

போனது சாதாரணச் செருப்பும் இல்லை. பொங்கலுக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த தோல் செருப்பு. கூட்டத்தில் ஒன்று கழன்றுபோக, மற்றதோடு நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. முத்திருளன்தான். சவரம் செய்யாத முகம். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம்.

“அக்கா, ஸ்டேஷன்ல வரச் சொல்லியிருக்காங்க. போறேன். உள்ள வச்சிருவாங்க போலருக்கு. அதேன் ஒரு எட்டு உன்னைப் பாத்துட்டுப் போவோம்னு…”

“டீ குடிக்கப் போனது நெசமாடா?”

முத்திருளன் தரையைப் பார்த்தான். “நெசந்தேன்.”

“கேட்டைப் பூட்டாமயா போன?”

“மறந்துட்டேன்க்கா.”

“மறந்துட்டானாம்! அந்தக் கேட்டைத் தொறந்துவிட்டவனைச் செருப்பால அடிக்கணும்டா! தம்பியாப் போயிட்டியேன்னு பாக்குறேன்.” அவளுக்குக் குரல் உடைந்தது. “அந்தப் பிள்ளையப் பெத்தவ மூஞ்சியில நான் எப்பிடிடா முழிப்பேன்?”

அடுப்பில் தோசை தீய்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓடும்போதே, “நீங்களாச்சும் அவனை நாலு வார்த்தை கேளுங்களேன்!” என்றாள்.

செல்வக்குமார் தொண்டையைச் செருமினான்.

“பொறுப்பு வேணாமா மாப்ள?”

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

முத்திருளன் கோபப்படவில்லை. “வேணும் மச்சான்” என்றான். பொட்டலத்தை நீட்டினான். “அக்கா பாக்குறதுக்குள்ள எடுத்து வச்சுக்கங்க. வாரேன்.”

பைக் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, செல்வக்குமார் பொட்டலத்தைப் பிரித்தான்.

அவனுடைய செருப்பு. பின்கேட்டுப் பக்கத்துச் சேறு அதில் காய்ந்திருந்தது.

“டிக்கெட் எதுக்குடா? கேட்டுல நிக்கிறது என் மச்சினன்” என்று ஆபீஸ் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டு போனவன் அவன்தான். “வேணாம் மச்சான், இது ஆம்புலன்ஸ் வழி. ஒரு ஆளுக்குத் தொறந்தாலும் பின்னாடி நிக்கிற கூட்டம் அடங்காது” என்று முத்திருளன் கையெடுத்துக் கும்பிட்டான். “வீட்டு மாப்பிள்ளைய வெளிய நிப்பாட்டுவியா?” என்று கூட்டாளிகள் முன்னால் இவன் எகிறினான்.

இவர்கள் நுழைந்த மறுநொடி, கூட்டமும் நுழைந்தது. முத்திருளன் அந்த இடத்தை விட்டு நகரவேயில்லை. தோளைக் கொடுத்துக் கேட்டைச் சாத்தப் பார்த்துக்கொண்டே இருந்தான். செல்வக்குமார் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, மேடையைப் பார்க்க ஓடினான்.

“என்னங்க அது கையில?”

பின்னால் சத்யப்ரியா நின்றாள். செருப்போடு கை தன்னாலே முதுகுக்குப் பின்னால் போனது. இப்போதும் ஒளிக்கத்தானே பார்க்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

செருப்பை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“நீ கேட்ட செருப்பு சத்யா. உன் தம்பி டீ குடிக்கப் போகவே இல்ல. ‘கேட்டைத் தொறக்கலேன்னா, நாளைக்கே உங்கக்காவக் கொண்டாந்து உங்க வீட்டுல விட்ருவேன்’னு அவனை மிரட்டித் தொறக்க வச்சது நான்தான். அடிக்கிறதை அடிச்சிரு. நான் ஸ்டேஷனுக்குப் போகணும்.”