கலப்புப் பெட்ரோல்

“கலப்புன்னாலே எனக்கு ஆகாது,” என்று அப்பா தன் பழைய காரின் பானெட்டைத் தட்டினார். “என் வண்டிக்குச் சுத்தமான பெட்ரோல்தான் போடணும்.”

அவருக்குத் தேநீர் கொண்டுவந்த மகள் சட்டென்று மெக்கானிக்கைப் பார்த்தாள்.

மெக்கானிக் இன்ஜினுக்குள் குனிந்தபடியே சொன்னான். “இப்ப எல்லா பங்க்லயும் எத்தனால் கலந்துதான் சார் வருது.”

“அது உள்ள போனா இன்ஜின் என்னத்துக்கு ஆகும்?”

“இன்ஜின் தாங்கிக்கும் சார். இந்தப் பழைய ரப்பர் டியூப்தான் அரிச்சுப்போயிடும். அதை மாத்திட்டா ஒரு பயமும் இல்ல.”

“அப்ப கோளாறு கலப்புல இல்ல, என் டியூப்லதான்ங்கிறே?”

பேச்சை வளர்க்காதே என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் நிமிர்ந்தால்தானே?

“ஆமா மாமா.”

வாய் தவறி வந்த அந்த ‘மாமா’வைக் கேட்டதும் அவள் அப்பா பக்கம் திரும்பினாள். வேற்று மதத்துக்காரனான அவனும் அவளும் போன வாரம் பதிவுத் திருமணம் செய்துகொண்டது அப்பாவுக்குத் தெரியாது.

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்த டியூபைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி அவனிடம் நீட்டினார்.

“முதல்ல டீயைக் குடிங்க மாப்பிள்ளை. அப்புறம் மாத்தலாம்.”