பாதித் தட்டு

தூதன் வேண்மான் பாலைவனம் கடந்து அயல்நாட்டுக்குக் கொண்டுவந்த பாதி மண்தட்டை, அந்நாட்டு வாயிற்காவலர் தம்மிடமிருந்த பாதியோடு சேர்த்துப் பார்த்தார். பொருந்தியது. வந்தவன் மெய்யான தூதன்தான் என்று தெளிந்து அரசர் உடன்படிக்கைக்கு இசைந்தார்.

மறுநாள் புறப்படும்போது வேண்மான் தன் பாதியைக் கேட்டான். காவலர் முழுத் தட்டை நீட்டினார்.

“பிரிய மாட்டேங்குதுங்க.”

நகத்தால் தடவிப் பார்த்தான். விரிசலே இல்லை.

“விளையாடாதீங்க பெரியவரே. இது இல்லாம போனா, பாதியை வித்துட்டேன்னு கோட்டை வாசல்லயே தலையை எடுத்துருவாங்க. உடைச்சாவது குடுங்க.”

“உடைச்சா வேற விளிம்பு வரும். பழைய விளிம்பைத்தான் உங்க அரண்மனையில களிமண்ல பதிச்சு வச்சிருக்காங்களே.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

காவலர் முற்றத்தின் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவர் பேசுவது தன் ஊர்ப் பேச்சு என்பது வேண்மானுக்கு உறைத்தது. முற்றத்தில் சமையற்காரர்களும் குதிரைக்காரர்களும் ஆளுக்கொரு மண்தட்டோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேச்சும் அதுவே.

காவலர் மாடத்திலிருந்து இன்னொரு முழுத் தட்டை எடுத்துத் துடைத்தார்.

“இது என்னுது. நான் தூது கொண்டுவந்ததும் இப்படித்தான் ஒட்டிக்கிச்சு. வா தம்பி, சோறு ஆறுது. உன் தட்டைக் கழுவிட்டு உட்காரு.”