சிவப்புச் சாவி

மிக்ஸியை நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை.

கையில் பிடித்திருந்த மூடியிலிருந்து சட்னி சொட்டியது. சத்தம் கராஜிலிருந்து வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் கணவர் வண்டியைக் கிளப்புவார். கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பார். அணைத்துவிட்டு வந்துவிடுவார். அப்படியே போட்டு வைத்தால் பேட்டரி செத்துவிடுமாம். அதற்கு மட்டும்தான் அனுமதி. வண்டி கராஜை விட்டு நகரக் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஸ்டியரிங்கில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அன்றைக்கும் அந்த வண்டியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் துணியோடு அப்படியே சரிந்தார். கண் மேலே செருகிவிட்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை.

வலிப்பு. இந்த வயதில், முதல் தடவையாக. மறுபடி எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

சரி என்றார் கணவர். முகம்கூடச் சுளிக்கவில்லை.

அந்தச் சரிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பாவம், ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. திருச்சியில் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் அதன் படத்தை ஒட்டி வைத்திருந்தாராம். அறுபதுகளில் அமெரிக்கத் தெருக்களை அதிர வைத்த வண்டி. நீண்ட மூக்கு, உருண்டை விளக்கு. அந்தப் பழசை வாங்கினால் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும். இது அதே ஜாடையில் கம்பெனிக்காரன் இப்போது மறுபடி செய்தது. "முகம் அதேதான், நெஞ்சு புதுசு" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

ஆபீஸ் விருந்தில் தட்டும் கையுமாக மூலையில் நிற்கிற மனுஷர். ஞாயிற்றுக்கிழமை கடைவாசல் பார்க்கிங்கில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நரைத்த தாடி வெள்ளைக்காரர்களிடம் வாய் ஓயாமல் பேசுவார். டல்லாஸுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே அங்கேதான்.

அந்த வண்டிக்கு இரண்டு சாவி.

கறுப்புச் சாவி பாதி பலம்தான் கொடுக்கும். சிவப்புச் சாவி முழுப் பலத்தையும் அவிழ்த்துவிடும்.

கறுப்பை அவரிடம் விட்டு வைத்தாள். சிவப்பைப் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளித்தாள். சாமி அலமாரிப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்காத மனுஷர், அங்கே எங்கே தேடப்போகிறார்?

சத்தம் இன்னும் நிற்கவில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் அவருடைய காலை மாத்திரை. வைத்தது வைத்தபடி இருந்தது.

"உமையா!"

மாடியிலிருந்து பதில் இல்லை.

மகள் நேற்று சாயங்காலம்தான் காலேஜிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பரீட்சை நேரத்தில் பிள்ளையை எதற்குக் கலங்கடிக்க வேண்டும், முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் வாயையும் சேர்த்துக் கட்டியது இவள்தான்.

நேற்றாவது சொல்லியிருக்கலாம். அப்பாவைக் கட்டிக்கொண்டு அது சிரித்த சிரிப்பைப் பார்த்து மனசு வரவில்லை. காலையில் தோசை சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்துவிட்டாள்.

வாசலில் உமையாளின் ஷூவைக் காணோம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காப்பி குடிக்க வந்தபோது அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. என்ன திடீரென்று என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றார். மனுஷர் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டாளே, பைத்தியக்காரி!

அலமாரிக்கு ஓடினாள். சட்னிக் கையோடு பிள்ளையாருக்குப் பின்னால் துழாவினாள்.

சாவி தட்டுப்பட்டது.

அப்பாடா. போன உயிர் திரும்பி வந்தது.

வெளியே எடுத்துப் பார்த்தாள்.

கறுப்பு.

வாசலுக்கு வந்தபோது கராஜ் கதவு மேலே போயிருந்தது. உள்ளே வெறும் தரை. வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு டாட்டா காட்டியது. நேற்று இவள் ஆசை ஆசையாகப் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள் வெயிலில் மின்னின.

தெருமுனையைத் தாண்டினால் பண்ணைச் சாலை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வளைவே கிடையாது.

போன் செய்தாள். உடனே எடுத்தாள் மகள்.

"அம்மா! எனக்காக அப்பா சிவப்புச் சாவிய எடுத்திருக்காரு! இரு, இரு, இந்தச் சத்தத்தக் கேளேன்!"

"நிறுத்தச் சொல்லுடி. உமையா, வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லு. அப்பாவுக்கு வலிப்பு வந்துச்சும்மா. ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான்தான் உங்கிட்ட மறைச்சிட்டேன். கேக்குதா? அப்பாவுக்கு வலிப்பு."

சொல்லிவிட்டாள். இத்தனை நாள் மறைத்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

போனில் காற்று இரைந்தது. காற்றுக்கு அடியில் எஞ்சின்.

பிள்ளை போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தாள்.

உறுமல் ஏறிக்கொண்டே போனது.

அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.