இருமிய பேய்

"பேய்க்கு இருமல் வருமாய்யா?"

டைரக்டர் இப்படிக் கேட்டதும் அந்த பங்களாவில் நின்றிருந்த அறுபது பேரும் பேய் வேஷம் போட்டவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் நடக்கிற பேய்க்கதைப் படம். அக்கம்பக்கமே பயப்படுகிற பங்களாவாகத் தேடிப் பிடித்திருந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக நிஜ ஒட்டடையை அடித்துத் தள்ளிவிட்டு, பஞ்சில் புது ஒட்டடை கட்டினார்கள். நிஜ ஒட்டடை கேமராவில் பழசாகத் தெரியவில்லையாம்.

அதுகூடப் போகட்டும். இந்த இருமல்தான் எல்லோர் உயிரையும் வாங்கியது.

காட்சி முடிந்ததும் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் ஒரு நிமிஷம் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, அந்த அறையின் அமைதியை மட்டும் தனியாகப் பதிவு செய்வார். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப் போட அது வேண்டும். யூனிட்டில் அவருக்குப் பெயரே 'காது'. யார் வயிறு கடமுடா என்றாலும் கண்டுபிடித்து மானத்தை வாங்கிவிடுவார் மனுஷர்.

காலையிலிருந்து இரண்டு தடவை பதிவு ஆரம்பித்தாயிற்று. இரண்டு தடவையும் பாதியில் 'லொக்'. இரண்டு தடவையும் பேயாக நடிக்கிற பெண்தான் தலைவிரி கோலமாகக் கையைத் தூக்கினாள், மன்னிச்சிடுங்க சார், நான்தான் என்று.

பதினோரு வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவள். முகம் தெரிகிற முதல் வேஷம் இது. இன்னொரு தடவை இருமினால் வேஷத்தைக் கழற்றி வேறு ஆளுக்குப் போட்டுவிடுவேன் என்று டைரக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒரு நிமிஷம் தொண்டையை அடக்கத் தெரியாதவளுக்கெல்லாம் நடிப்பு எதற்கு என்று காது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவான இருமலைத் திரும்பப் போட்டுக் கேட்டார். மாடிப்படி மைக்கில்தான் அது சத்தமாக விழுந்திருந்தது. அதுவும் குழந்தை இருமல்.

வயரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மாடி ஏறினார். கடைசி அறையில் பங்களா வாட்ச்மேனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஐந்து வயசு மகள், காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள்.

இவரைக் கண்டதும் தாய் மகளை முந்தானையால் மூடினாள். கேட் பக்கத்து ரூம் ஒழுகுகிறதாம். வீட்டு முதலாளிக்குத் தெரியாமல் மூன்று வருஷமாக இங்கேதான் குடியிருக்கிறார்களாம். தெரிந்தால் புருஷனுக்கு வேலையும் போய்விடும், தங்க இடமும் இருக்காது.

"அப்ப அக்கம்பக்கத்துல சொல்ற பேய்?"

"நாங்கதான் சார்," என்றாள் தலையைக் குனிந்தபடி. "எங்க கெட்ட நேரம், பேய் இருக்குன்னே படமெடுக்க வந்துட்டீங்க."

கீழே நடிக்கிற பெண்ணுக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

"நேத்தே பாத்துட்டாங்க. பாப்பாவுக்கு மருந்து வாங்கிக் குடுத்ததே பேயக்காதான்."

காதுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இறங்கி வந்தார்.

மூன்றாவது பதிவு. அறுபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பேயாக நடிக்கிறவள் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஐம்பதாவது விநாடி வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று.

'லொக்.'

டைரக்டர் பேயின் பக்கம் திரும்பினார். அவள் கை மெல்ல மேலே எழும்பியது.

"மன்னிச்சிடுங்க சார். நான்தான்."

சொன்னது, இருபது வருஷமாக செட்டில் ஒரு தும்மல்கூடப் போடாத காது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று இன்னொரு தடவை இருமியும் காட்டினார்.