ஏரிக்கரைப் பரிசோதனை

காகம் இலையைத் தொடவில்லை.

பூவரசங்கிளையில் உட்கார்ந்து கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்ததே தவிர, இறங்குகிற வழியாகக் காணோம். கோலியனூர் ஏரிக்கரையில் விருத்தாசலத்தின் கருமாதிக்கு வந்த சனமெல்லாம் வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தது.

"மனசுல என்னமோ குறை வச்சிக்கினுதான் போயிருக்காரு," என்றார் மைத்துனர் கோதண்டபாணி. என்ன குறை என்று அவருக்குத் தெரியாதா என்ன? இறந்தவரின் ஒரே மகள் பக்கம் திரும்பினார். "அம்சா, என் பையனைக் கட்டிக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. உங்கப்பா நிம்மதியா சாப்பிடுவாரு."

சொன்னால் வேலை போச்சு. திண்டிவனத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அம்சவள்ளி சயின்ஸ் டீச்சர். அடம்பிடித்துப் படித்து வாங்கிய வேலை. மருமகளை வேலைக்கு அனுப்புகிற வீடு தன்னுடையது இல்லை என்று மாமன் முன்பே கறாராகச் சொல்லிவிட்டார்.

விருத்தாசலம் சைவ சித்தாந்த வகுப்பு எடுத்தவர். ஆன்மாவைப் பற்றிய படிப்பும் விஞ்ஞானம்தான் என்று ஊர் ஊராகப் பேசி ஜெயித்தவர். வீட்டுக்கு வந்தால் மகளிடம் மாட்டிக்கொள்வார். போன வருஷம் ரஷ்யாக்காரன் நாயை ஆகாயத்துக்கு அனுப்பினானே, அப்போதும் சோற்றில் கை காயக் காயச் சண்டை.

"நாயை அனுப்பத் தெரிஞ்சவனுக்கு அதோட உயிர் எங்க போச்சுன்னு சொல்லத் தெரியுதா?" என்பார்.

"என்ன நடந்தா நான் சொன்னது தப்புன்னு முன்னாடியே சொல்றவன்தாம்பா விஞ்ஞானி. நீங்க எது நடந்தாலும் நான் சொன்னதுதான் சரிம்பீங்க," என்பாள் இவள்.

அந்தச் சண்டைக்கு இனி ஆள் இல்லை. அவள் மாமனைப் பார்த்தாள்.

"நான் சம்மதிக்காமலே காக்கா சாப்பிட்டா, நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்களா மாமா?"

"சாப்பிடாதும்மா."

"சாப்பிட்டா?"

"ஒத்துக்கிறேன், போ."

அம்சவள்ளி இலைக்கு முன்னால் போய் நின்றாள். கை கூப்பவில்லை.

"அப்பா, நான் மாமா பையனைக் கட்டிக்க மாட்டேன். திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போறேன்," என்று கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். கூட்டத்தில் யாரோ ஒருத்தி அடிப்பாவி என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

காகம் இறங்கியது. ஒரு கவளத்தைக் கொத்திப் பார்த்தது. அப்புறம் எங்கிருந்துதான் வந்தனவோ, ஒரு கூட்டமே வந்து இலையை மொய்த்துக்கொண்டது.

கோதண்டபாணியின் முகம் சுண்டிப்போனது. எவ்வளவு நேரத்துக்கு? கனைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தீங்களா, அவரே உத்தரவு குடுத்துட்டாரு. பொண்ணு வேலைக்குப் போவணும்னுதான் அவரு ஆசப்பட்டுக்கினு இருந்திருக்காரு."

சனமும் ஆமாம் ஆமாம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அம்சவள்ளி பேசாமல் இருந்திருக்கலாம். வேலையும் தப்பியது, மாமனும் விட்டுக்கொடுத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவளா அவள்?

"யாரும் உத்தரவு குடுக்கல மாமா. காக்காவுக்குப் பசி, தின்னுச்சு. அது தின்னாம இருந்தாலும் நான் போய்த்தான் இருப்பேன்."

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். திமிர் பிடித்தவள் என்று திட்டிக்கொண்டே மற்றவர்களும் கிளம்பினார்கள்.

கரை காலியானதும் அவள் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மாமன் மகனைக் கட்டிக்கொள், எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை என்று அப்பா சொன்னார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா எங்கேயாவது இருக்கிறார் என்றால், காகம் அந்தச் சோற்றைத் தொட்டிருக்கக் கூடாது.

பரிசோதனையில் ஜெயித்தது அவள்தான். தொட்டுவிடாதே, தொட்டுவிடாதே என்றுதான் இலைக்கு முன்னால் நின்ற நேரமெல்லாம் அந்தக் காகத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.