மடத்துப் பெயர்

மடத்துக் கூடத்தில் அன்று இருந்தவர்கள்: தலைமைச் சகோதரி கிரெஷென்சா, மடத்தில் வளர்ந்த கன்னிப்பெண்கள், பெண் தேடி வந்த இரண்டு ஆண்கள். பிடித்தவள் முன்னால் ஆண் கைக்குட்டையைப் போடுவான். அவள் எடுத்தால் கல்யாணம், பிறகு மாற்றமுடியாது. நேப்பிள்ஸில் அதுதான் வழக்கம்.

இரண்டு கைக்குட்டைகளுமே கார்மொசினாவின் காலடியில் விழுந்தன. ஒருவன் இளம் மீனவன். இன்னொருவர் நரைத்த துணி வியாபாரி.

"சின்னவனை எடுடி. கிழவன் இருமினா பல்லு கொட்டிடும்," என்றாள் பக்கத்தில் நின்ற போர்சியா.

"அவன் சட்டையில ஒட்டு மேல ஒட்டு. அவனும் நம்மள மாதிரி அநாதையாத்தான் இருப்பான்."

மடத்து வாசலில் கிடந்த குழந்தைகளுக்கெல்லாம் எஸ்பொசிட்டோ என்பதே குடும்பப் பெயர். வெளியே போடப்பட்டது என்று அர்த்தம். கேட்டதும் ஊரே இளிக்கும். தான் பெறும் பிள்ளைகளுக்காவது அது வேண்டாம் என்பதுதான் கார்மொசினாவின் ஒரே ஆசை.

அவள் கிழவரின் கைக்குட்டையை எடுத்தாள்.

"போய்ட்டு வா தம்பி. உங்க அப்பாவை விசாரிச்சேன்னு சொல்லு," என்று சகோதரி மீனவனை அனுப்பினார்.

அவனுக்கு அப்பா உண்டு என்பது கார்மொசினாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கல்யாணத்துக்காக மாதா கோயிலுக்குப் புறப்பட்டு வாசலைத் தாண்டியதும் கிழவரிடம் கேட்டாள்:

"உங்க குடும்பப் பேரு என்னங்க?"

"எஸ்பொசிட்டோதான். நானும் இங்க வளர்ந்தவன். காசு வந்தப்புறமும் வெளியில ஒருத்தனும் பொண்ணு குடுக்கல. நீயாவது சிரிக்கமாட்டேன்னு வந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். சகோதரி அதற்குள் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டிருந்தார்.